நேர்த்தியாகக் கொத்தி முடிக்கப்பட்ட கல்

"பழைய கல் ஒன்று. முகம் நேர்த்தியாகக் கொத்தி முடிக்கப்பட்டது. வேலை திருப்தி."

எங்கள் பேரூராட்சியின் அளவுப் புத்தகத்தில், 1987 ஜனவரி 12 தேதியிட்டு ஓவர்சியர் எழுதிய பதிவு இது. அன்று மாலையே என் டைரியில் பிரதி எடுத்துக்கொண்டேன். அதற்கடியில் "மீதியை நாளை எழுதுகிறேன்" என்று இருக்கிறது. மறுநாள் பக்கம் காலி. அந்த மீதியைத்தான் இப்போது எழுதுகிறேன். எங்கள் ஊர் திருப்பூரிலிருந்து அரை மணி நேர பஸ் தூரம். பெயர் வேண்டாம்.

1. மூன்று இனங்கள்

1986 ஆடி மாதம், புதிதாக வந்த மன்றம் ஊரின் கலைக்கும் பழமைக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தது. அலுவலகத்தில் புத்தகம் படிக்கிறவன் நான் ஒருவன் என்பதால் திட்டம் எழுதும் வேலை பொதுப் பிரிவு உதவியாளனான என்னிடம் வந்தது. மூன்று இனங்கள் எழுதினேன். கும்மி, ஒயிலாட்டக் குழுக்களுக்கு ஒரு மேடை. படிப்பகத்தில் உள்ளூர் வரலாற்றுக்கு ஓர் அலமாரி. குளக்கரைக் கல்வெட்டை எடுத்துப் பூங்காவில் வைப்பது.

மன்றத் தலைவர் முதல் இனத்தைப் படித்ததும் சிரித்தார்.

"ஏனுங், கும்மியடிக்கறவங்க வட்டமாச் சுத்தறவங்க. மேடை கட்டி மேல ஏத்துனா கீழ உளுந்துற மாட்டாங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆடுகிறவர்கள் யாரையும் நான் கேட்டிருக்கவில்லை. அவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர ஊரில் பார்க்க முடியாது. மேடையை அடித்தார். அலமாரியை அடுத்த வருடத்துக்குத் தள்ளினார். கல் மட்டும் தங்கியது.

"கல்லு நல்லதுங்க. சோறு கேக்காது, சண்டைக்கு வராது."

2. பட்டறையில்

குளம் என்று நான் எழுதினேனே தவிர, குளம் தூர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் சுலைமான் பாயின் பிளீச்சிங் பட்டறை இருந்தது. கல் அங்கே தொட்டியின் ஓரத்தில் சாய்ந்து நின்றது. வெளுத்த பனியன் துணியை அதன்மேல்தான் குவித்துத் தண்ணீர் வடிய விடுவார்கள். கல்லின் கீழ்ப்பாதி தொட்டியின் சிமெண்டுக்குள் புதைந்திருந்தது.

துணியை எடுக்கச் சொல்லி, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் படித்தேன். முந்நூறு ஆண்டுக்குள் இருக்கும் என்பது என் யூகம். தேய்ந்திருந்தாலும் நான்கு வரி தெரிந்தது. வருடப் பெயர் உடைந்து போயிருந்தது. தை மாதம், ஊராரும் பேட்டையாரும் (சந்தைப்பேட்டை வணிகர்கள்) கூடி வெட்டுவித்த குளம். நான்காவது வரி "கூடின பேர் விபரமாவது" என்று முடிந்தது. பெயர்கள் சிமெண்டுக்குள் இருந்தன.

படித்துச் சொன்னதும் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அப்போது அறுபது வயதிருக்கும்.

"எங்க அத்தா சொல்லுவாருங் சார், இந்தக் குளம் வெட்டுனதுல எங்காளுங்க பேரும் இருக்குதுன்னு. நானும் பல பேருகிட்டச் சொல்லிட்டேன். 'பாய் கதை உடறாப்புல'ன்னு கேலி பண்றாங்க. தொட்டியை ஒடச்சே கல்லை எடுத்துக்குங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அந்தக் காலத்து எழுத்து எனக்குப் படிக்க வராதுங்க. கீழ என்ன இருக்குதுன்னு படிச்சு, ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துருங்க."

கொடுக்கிறேன் என்றேன். எழுத்தின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி நகலெடுக்க, அதாவது மைப்படி எடுக்க, ஆள் அனுப்பும்படி தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வராவிட்டாலும் கல் வெளியே வந்த அன்றே நானே பிரதி எடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

3. ரேட் இல்லாத ஐட்டம்

எஸ்டிமேட் போடும்போது ஓவர்சியர் என் மேசைக்கு வந்தார். நான் குறிப்பில் "கல்லை எடுத்து, சுத்தம் செய்து, நிறுத்துதல்" என்று எழுதியிருந்தேன்.

"சார், எடுக்கறதுக்கு ரேட் இருக்குதுங்க. நிறுத்தறதுக்கு இருக்குதுங்க. சுத்தம் பண்றதுக்கு ரேட் புஸ்தகத்துல ஐட்டமே இல்லீங்க. கல்லு முகம் கொத்தறதுக்கு இருக்குது. அதைப் போட்டுக்கட்டுங்களா?"

இளையவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ரேட் புத்தகத்தில் இல்லாத வேலையைச் செய்தால் தணிக்கையில் ஆட்சேபணை வரும். ஆகவே கிட்டத்தட்டப் பொருந்தும் ஐட்டத்தைப் போடுவோம். கொடிக்கம்பம் நட்டதைத் தெருவிளக்குக் கம்பம் நட்டதாக எழுதியிருக்கிறோம். காகிதத்தில் ஒன்று, களத்தில் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும்.

"பேருக்குத்தானே. போட்டுக்குங்க" என்றேன். ஓரத்தில் இனிஷியலும் போட்டேன்.

4. ஜனவரி 12

ஜனவரி 7 முதல் 10 வரை எனக்குக் கோவையில் பயிற்சி. ஞாயிறு அங்கேயே மைத்துனர் வீட்டில் தங்கிவிட்டேன். திங்கட்கிழமை நான் வந்தபின் கல்லை எடுப்பதாகத்தான் பேச்சு. ஆனால் பொங்கலுக்கு மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று தெரிந்ததும், தலைவர் வெள்ளிக்கிழமையே லாரி அனுப்பிவிட்டார்.

திங்கள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பூங்காவுக்குப் போனேன். சிமெண்ட் பீடத்தின் மேல் புத்தம் புதிய கல் ஒன்று நின்றது. வேறு கல் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் ஊத்துக்குளிப் பக்கமிருந்து வந்த கல்தச்சர் உளிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பழைய கல் எங்கேங்க?"

"இதுதானுங் சாமி. எப்படிப் பண்ணியிருக்கறேன் பாருங்க, கண்ணாடியாட்ட."

"எழுத்து இருந்துச்சே?"

"இருந்துச்சுங்க. மேல நாலு வரி சும்மா தேஞ்ச எழுத்து, சீக்கிரம் போயிருச்சு. கீழ ஏழு வரி சிமெண்டுக்குள்ள கெடந்ததால நேத்து வெட்டுனாப்புல இருந்துச்சுங்க. அதை எடுக்கறதுக்குத்தான் ரெண்டு நாளாச்சு."

நான் பீடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கல்தச்சர் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். அவர் மேல் குற்றமில்லை. "எஸ்டிமேட்டுல இருக்கறபடி செய்யுங்க" என்று ஓவர்சியர் ஐட்டத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார். இருக்கிறபடியே செய்திருக்கிறார். ஓரத்தில் என் இனிஷியல்.

மத்தியானம் பாய் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"படிச்சாச்சுங்களா சார்?"

நான் கல்லைக் காட்டினேன். அவர் கல்லின் அருகே போனார். உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவினார். திரும்பத் தடவினார்.

"பதினஞ்சு வருசம் பிளீச்சிங் தண்ணி ஊத்துனேங்க. அதுக்கே போவலீங்களே."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். என்னிடமிருந்த நான்கு வரிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி, "கூடின பேர் விபரமாவது" என்ற இடத்தில் விரலை வைத்து, அதற்குக் கீழே இருந்த வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

விழா நடந்தது. வந்த அதிகாரி கல்லைத் தொட்டுப் பார்த்து, "பழைய கல்லுன்னாங்க, ரொம்ப நல்லா மெயின்டெய்ன் பண்றீங்களே" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். வழவழப்பான அந்தக் கல்லில் தன் பெயரை வெட்டலாம் என்று விழாவுக்கு முன் சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

5. பிறகு

நான் பணியில் இருந்தவரை, இப்படிப்பட்ட எந்த எஸ்டிமேட்டிலும் முதல் ஐட்டமாக "எழுத்துள்ள பக்கத்தை யாரும் தொடக் கூடாது" என்று எழுதி, ரேட் என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டேன். தணிக்கையில் கேட்டார்கள். ஆட்சேபணையை வாங்கிக்கொண்டேன். பழையதைக் காக்கத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பிரதி எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். எனக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமதமாகத் தெரிந்தது.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1994இல் அந்த லாரி டிரைவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தொட்டியை உடைத்து வெளியே எடுத்த கல்லை லாரியில் ஏற்றுவதற்கு முன், ஸ்டூடியோக்காரர் ஒருவர் பாயைக் கல்லோடு நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார் என்றார். பாயிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அப்படி யாரும் எடுத்ததாக நினைவில்லை என்றார். ஆனாலும் ஒவ்வொரு ஸ்டூடியோவாக என்னோடு அவரும் வந்தார். பழைய நெகட்டிவ்களை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அப்படி ஒரு படம் எடுக்கப்பட்டதா என்பது இந்தக் குறிப்பை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.