கடைசி பஸ்ஸுக்கு அடித்த மணி

லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில். சைக்கிள் மன்றத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'கடைசி பஸ்' என்று கேட்டால் கை காட்டுவார்கள். ஆறு வருடமாகப் பந்தயத்துக்கு வருகிறார், ஒன்றைக்கூட முழுதாக ஓட்டியதில்லை. மன்றத்தின் சட்டம் அப்படி. முன்னால் போகிறவர்கள் ஒரு முழுச் சுற்று கூடுதலாக அடித்து உங்களைத் தாண்டிவிட்டால் செயலாளர் விசில் ஊதுவார், நீங்கள் ஓரங்கட்ட வேண்டும். அப்புறம் முடிவுத்தாளில் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று போட்டுவிடுவார்கள்.

இதில் வேடிக்கை, கோட்டருகே நின்று கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பவர் அவருடைய மனைவி. வாரமெல்லாம் எக்ஸ்ரே அறையில், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்தவர், ஞாயிற்றுக்கிழமை தானாகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

அந்த ஞாயிறு காலை கடைசி பஸ் தன் ஹேண்டில் கம்பியில் கறுப்பு டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தார். இருபது சுற்றுக்கு இருபது துண்டு. சுற்றுக்கு ஒன்றைக் கிழித்துப் போடுவார். மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தாள்.

"அப்பா, எப்படியும் பன்னெண்டுலயே ஊதிடுவாங்க. எதுக்கு இருபது?"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருடி," என்றார் மனைவி. அவருக்கோ சுருக்கென்றது. இந்த வருடமாவது அந்த மணி அடிக்கும்போது சாலையில் இருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

கிடங்குகளைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் சாலை. அன்றைக்குப் பேய்க்காற்று. முதல் ஆளாகப் போய்க் காற்றை வாங்க யாருக்கும் மனசில்லை. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தபடி கூட்டம் ஊர்ந்தது. கடைசி பஸ்ஸும் வாலில் ஒட்டிக்கொண்டார். பன்னிரண்டு போனது. பதினைந்து போனது. அவருக்கே நம்ப முடியவில்லை.

பதினெட்டாவது சுற்று முடிந்தபோது செயலாளர் மீதிச் சுற்றைக் காட்டும் எண் அட்டையைப் புரட்டினார். காற்று அவரை முந்திக்கொண்டு இரண்டு அட்டையாகப் புரட்டிவிட்டது. 'ஒன்று' என்று தெரிந்ததுதான் தாமதம், கூட்டம் வெறி பிடித்துப் பறந்தது. கடைசி பஸ் தன் ஹேண்டில் கம்பியைப் பார்த்தார். இன்னும் இரண்டு துண்டு டேப் இருந்தது.

"இன்னும் ரெண்டு இருக்குப்பா!" என்று கத்தினார். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? தவறான மாடியில் யாராவது இறங்கினாலே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிற ஆள் அவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் லாபம் என்பதுகூடத் தோன்றவில்லை.

முதலில் வந்த பல் டாக்டர் கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் தூக்கினார். மணி அடித்தது. தன் வெற்றிக்குத்தான் என்று நினைத்து மணிக்காரம்மாவுக்கு ஒரு கும்பிடும் போட்டார். மற்றவர்கள் காலை ஊன்றி, நாக்குத் தள்ள நின்றார்கள். நூறு மீட்டர் பின்னால் வந்த நம் ஆள் ஒரு துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மிதித்துக்கொண்டே போனார்.

"கடைசி பஸ்ஸு! ஸ்டாப் வந்தாச்சு, எறங்குங்க!" என்றார் பல் டாக்டர்.

மணி நிற்கவில்லை. அட்டையை நம்பாமல் தானே சுற்றை எண்ணியிருந்த மனைவி இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். "போங்க! நிக்காதீங்க, போங்க!"

அப்போதுதான் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, இன்னும் ஒண்ணு இருக்குய்யா!"

பிறகு நடந்தது சைக்கிள் பந்தயமா, தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுவதா என்று சொல்ல முடியாது. நம் ஆள் திரும்பிப் பார்க்கவேயில்லை. தொடை எரிந்தது. கடைசித் திருப்பம் வரை அவருக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. கோட்டுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது பல் டாக்டரும் இன்னும் இரண்டு பேரும் சர்ரென்று தாண்டிப் போனார்கள்.

நான்காவது. சைக்கிளோடு புல்லில் சாய்ந்தார். செயலாளரின் தாளில் அவர் பெயருக்கு நேரே முதல்முறையாக ஓர் எண் ஏறியது.

மனைவி மணியைக் கையில் பிடித்தபடியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் கொஞ்சம் வாய மூடிட்டு இருந்திருந்தா நீங்க ஜெயிச்சிருக்கலாம்ல?"

"மணி கேட்டுச்சு," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

"கேக்காம? மூணு வருஷமா ஊரான் புருஷனுக்கெல்லாம் அடிச்சுட்டு நின்னேன். இன்னைக்குத்தான் என் வீட்டுக்காரருக்கு அடிச்சேன்."