கேப்டனம்மாவோட தொப்பி

அதான்டி மல்லிகா, அரபு நாட்டுல, குதைபியாவுல எங்க மக வீட்டுக்கு மேல்மாடியில இருந்தாளே அமெரிக்காக்காரி, கறுப்பா, உசரமா, பிளேன் ஓட்டுறவ. கடைக்குக் குப்பூஸ் ரொட்டி வாங்கப் போனாக்கூட கேப்டன் தொப்பி போட்டுதான் போவா. "தூங்கும்போதாவது கழட்டுவியா?"ன்னு பேத்திய விட்டுக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சா. வெள்ளைக்கார ஆம்பளைங்களோட மல்லுக்கட்டி வாங்குன தொப்பியாம். "இது இல்லேன்னா வேலைக்காரின்னுதான் நெனைக்கிறாங்க பாட்டி, எங்க ஊர்லயும்"னா.

அவ அம்மா செத்த சேதி வந்து, ஊருக்குக் கெளம்பி, வெறுந்தலையோட அழுதுக்கிட்டே லிப்டுல எறங்கினா. புது வாட்ச்மேன், "வேலைக்காரங்களுக்குப் பின்பக்க லிப்டு, யல்லா, போ போ"ன்னான். அவ அங்கயே பெட்டியத் தொறந்து தொப்பிய எடுத்து மாட்டினா. அதுக்கப்புறந்தான்டி கண்ணத் தொடச்சா. இரு, அடுப்புல பால் பொங்குது.