பண்டாரியின் மெக்சிகோ

மூன்று குட்டைக் கால்களில் நிற்கும் அந்தக் கல்லுரலைப் பண்டாரி என் வகுப்பு மேசையில் இறக்கியபோது, மேசை ஆடிய ஆட்டத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பண்டாரி என்றால் கப்பலில் சமைப்பவர். அவர் மகள் என்னிடம் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மெக்சிகோ துறைமுகங்களுக்குப் போகும் சரக்குக் கப்பலில் அவருக்கு வேலை. எங்கள் கடற்கரை ஊரில், வெளிநாடு போய்த் திரும்பும் சபுராளிகள் அத்தரும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். கல்லைச் சுமந்து வந்தவர் இவர் ஒருவர்தான். அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

"அந்த ஊரு மக்க எதுல அரைக்கிறாக, எதுல சுடுறாகன்னு தெரிஞ்சாத்தான டீச்சர் ஊரு தெரியும்? மேப்புல என்ன இருக்கு?" என்பார். சமூக அறிவியல் டீச்சரிடமே இதைக் கேட்க நெஞ்சழுத்தம் வேண்டும். ஆனால் நான் நடத்தினால் கொட்டாவி விடும் பிள்ளைகள், அவர் வந்தால் பெஞ்சில் ஏறி நிற்பார்கள். தக்காளியையும் மிளகாயையும் அந்த உரலில் நசுக்கி ஆளுக்கொரு விரல் நக்கக் கொடுத்தார். "ஏலே, இந்த மொளகாயே அங்கன இருந்து வந்ததுதான்" என்றதும் திருப்புல்லாணிப் பக்கத்துப் பையன் ஒருவன் கொதித்துவிட்டான்: "பொய்யி! எங்க அய்யா கொல்லையில வெளையிது!" அடுத்த விடுப்பில் ரொட்டி சுடும் மண் ஓடும், சுட்டதைச் சூடாறாமல் மூடிவைக்கும் பூவேலைத் துணியும் வந்தன. மெக்சிகோ எங்களுக்குப் பக்கத்துத் தெருவாகிவிட்டது.

இந்த முறை அவர் வரவில்லை. கப்பல் அங்கே கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டுக் கிடக்கிறது. முதலாளி என்கிற புண்ணியவான் கைகழுவிவிட்டான். சம்பளம் இல்லை, கரையிறங்க அனுமதியும் இல்லை. அவர் மனைவிக்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். போன இடத்திலெல்லாம் "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். அந்த மேலே எங்கே இருக்கிறதென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போன வாரம் பண்டாரியே போன் செய்தார். "சும்மாதான கெடக்கேன் டீச்சர், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவா?" அதற்கு முந்தின நாள்தான் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தார். "கப்பல்ல அரிசி தீந்துபோச்சாம் டீச்சர். புள்ளைக்கு மட்டும் தெரிய வேணாம்."

மறுநாள் காலையில் முதல் பாடவேளை. அங்கே இரவு. என் போனைக் கரும்பலகையில் சாய்த்து வைத்தேன். வீடியோவில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, குரல் மட்டும் பழைய குரல். துறைமுகத்துப் பெண்கள் ரொட்டிக்கு மாவு தட்டுவதை வெறுங்கையில் தட்டிக் காட்டினார். ஒரு பையன், "மாமா, இன்னைக்கு நீங்க என்ன சாப்பிட்டீக?" என்றான். அவர் ஒரு சின்ன மீனைத் தூக்கிக் காட்டினார். "இந்தா, நானே தூண்டி போட்டுப் பிடிச்சேன்!" வகுப்பே கை தட்டியது.

அவர் மகள் தட்டவில்லை. எழுந்து வந்து போனுக்குக் கிட்டே நின்றாள்.

"மீனு தெரியுது. சோறு எங்க வாப்பா?"

அவர் சிரித்தார். எதையோ தேடுவதுபோல் பக்கத்தில் திரும்பினார். பிறகு அவளைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்: "டீச்சர், மணி அடிக்கலையா?"

மணி அடிக்க இன்னும் வெகுநேரம் இருந்தது.

"அடிச்சிருச்சு பண்டாரி" என்றேன்.