மறுநாள் காலையில் வந்த பதில்

எங்கள் குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஊர்க் கூட்டத்தில் புதிதாக எதையாவது சொன்னால் அன்றைக்கே யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு, மறுநாள் காலை வந்து சொல்வார்கள். அதுவரை வாய் திறக்கவில்லை என்றால், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் பொருள். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கடற்கரைக்குப் புது விதி போடுவதற்கு முன் மக்கள் கருத்தைக் கேட்க ஓர் அதிகாரி வந்தார். கூட்டத்தை நடத்திக்கொடுத்த ஒப்பந்த நிறுவனத்தில்தான் எனக்கு வேலை. "எங்க ஊர்ல சண்டையே வராது சார்" என்று அவரிடம் முன்பே பெருமையடித்து வைத்திருந்தேன். விதி இதுதான்: சுற்றுலாப் பயணிகள் நடக்கும் மணலில் இனி மீன் காயவைக்கக் கூடாது. என் அத்தையும் மற்றப் பெண்களும் கருவாடு போடுவது அந்த மணலில்தான்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். பெண்கள் டீயைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "மௌனம் சம்மதம்னு எடுத்துக்கலாமா மேடம்?"

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? 'நாளைக்குக் காலைல சொல்லுவாங்க சார்.' ஒரே வரி. சொன்னால் அவர் இன்னொரு முறை வரவேண்டும், என் பெருமையும் போய்விடும். தலையை ஆட்டினேன். பூம்பூம் மாடு தோற்றது.

மறுநாள் விடிந்ததும் பெண்கள் எல்லாரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"இன்னாடி, அந்த சாரு வரல?" என்றாள் அத்தை. "மணல வுட மாட்டோம்னு சொல்லப் போனோம். கூட்டம் போட்ட கூடம் பூட்டிக்கீது."

"கூட்டம் நேத்தே முடிஞ்சிடுச்சு அத்த."

அவள் முகம் சுருங்கியது. பிறகு தானே சமாதானமானாள். "அதுக்கு இன்னா? நீதான் அங்க இருந்தியே. நாங்க பேசலன்னா இன்னா அர்த்தம்னு சொல்லியிருப்ப இல்ல?"

ஆட்சேபணையை எழுதித்தர அப்போதும் அவகாசம் இருந்தது. அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். பயந்துவிட்டேன்.

"சொல்லிட்டேன் அத்த."

"நம்ம பொண்ணு சொல்லிடுச்சாம், வாங்கடி" என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு மீன் பரப்பப் போனாள்.

இப்போது அந்த மணலில் தடைப் பலகை நிற்கிறது. அத்தை மொட்டைமாடியில் கருவாடு போடுகிறாள். நாற்றம் என்று பக்கத்து வீட்டோடு தினமும் சண்டை. "நம்ம பொண்ணு அவ்ளோ சொல்லியும் அந்தாளு கேக்கல பாரு, பாவி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.