பவனா ஏரிக்கரையில் வைத்த கத்தி

2003 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, கட்கி ஸ்டேஷனில் லோணாவளா லோக்கல் ரயிலில் ஏறினோம். நான், கணவர், ஏழு வயது மகள் ரம்யா. கணவரோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் சாவந்தும் அவர் மனைவி சுனிதாவும் சிவாஜிநகரிலேயே ஏறி எங்களுக்கு இடம் போட்டிருந்தார்கள். காம்ஷேத் வரை ஆளுக்கு ஒன்பது ரூபாய். அங்கிருந்து பவனா ஏரிக்கு ஜீப், ஆளுக்குப் பதினைந்து.

"டெண்ட்லயா படுக்கப் போறீங்க? ஏன், வீட்டுல கூரை ஒழுகுதா?" என்று டிரைவர் ஹிந்தியில் கேட்டார்.

எனக்குக் கூரையைப் பற்றிக் கவலையில்லை. விறகு பிளப்பதற்காகச் சாவந்த் எடுத்து வந்திருந்த, முதுகு தடித்த கத்தியைப் பற்றித்தான். உறையில் இருக்கிறதா என்று வழியில் இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்டால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

மதியம் ஏரிக்கரைப் புல்வெளியில் கூடாரம் போட்டோம். தண்ணீரில் நனைந்த ரம்யாவின் ஷூவைப் பாறைமேல் காயவைத்தேன். மழைக்காலம் முடிந்திருந்தாலும் விறகு வெளியே ஈரம். பிளந்தால் உள்ளே காய்ந்திருந்தது. சாவந்த் மண்டியிட்டு, கட்டையைக் கல்மேல் நிறுத்தி, அதன் தலையில் கத்தியைப் பதித்து, இன்னொரு கட்டையால் கத்தி முதுகில் தட்டினார். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் நிற்கக்கூடாது என்றார். ரம்யாவைக் கூடாரத்து வாசலிலேயே உட்காரவைத்தோம்.

மாலை ஆறு மணிக்கு நானும் இரண்டு கட்டை பிளந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"வஹினி, கத்தியக் குடுங்க" என்று சாவந்த் கை நீட்டினார். மராத்தியில் வஹினி என்றால் அண்ணி.

நான் அதைப் புல்லில் வைத்தேன். எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வருமென்று தரையில் வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். அவர் எடுப்பதற்குள் காற்றில் கூடாரத்துணி பிய்த்துக்கொண்டது. எல்லோரும் அதைப் பிடிக்க ஓடினோம். திரும்பி வந்தபோது வெளிச்சம் மலைக்குப் பின்னால் போயிருந்தது. புல் கணுக்கால் உயரம். "இங்கேதான் வைத்தேன்" என்று ஓரிடத்தைக் காட்டினேன். பிறகு வேறோர் இடத்தை.

அப்போது ரம்யா, உருளைக்கிழங்குத் தட்டோடு, வெறுங்காலில் எங்களை நோக்கி ஓடிவந்தாள்.

"ஏய், அங்கியே நில்லு! ஒரு அடிகூட வெக்காதே!" என்று கணவர் கத்தினார்.

அவள் நின்றாள். "நா ஒண்ணும் பண்ணலையேப்பா."

ஷூ போட்டிருந்த சுனிதா பின்னாலிருந்து சுற்றிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டாள். நான் குனிந்து புல்லைத் துழாவப் போனேன். "கையால வேணாம், வஹினி" என்று சாவந்த் ஒரு குச்சியைக் கொடுத்தார். டார்ச் வெளிச்சத்தில் குச்சியால் புல்லை விலக்கித் தேடினோம். கிடைத்தது. ஒரு புல்கொத்தில் சாய்ந்து, கூர்ப்பக்கம் மேலே. ரம்யா நின்ற இடத்திலிருந்து ஓர் எட்டு.

"ஏன் கையில தரல?" என்று சாவந்த் கேட்டார். கணவர்தான் காரணத்தைச் சொன்னார்.

"எங்க வீட்டுல குடுத்தாலும் சண்டை, குடுக்காட்டியும் சண்டை" என்றாள் சுனிதா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கையில இல்லன்னா உறையில. நடுவுல வேற இடமே கிடையாது" என்றார் சாவந்த். "குடுக்கும்போது பிடி அவங்க பக்கம். வாங்குறவங்க 'புடிச்சிட்டேன்'னு சொன்ன பிறகுதான் விடணும்."

ஞாயிறு காலை அந்தப் புல்லைத் தாண்டி ஜீப்புக்கு நடந்தோம். பகலில் அது சாதாரணப் புல்லாகத்தான் இருந்தது.

போபோடியில் எங்கள் வீட்டுத் தரை சிமெண்ட். அதில் வைத்த கத்தி யார் கண்ணுக்கும் தெரியும். அப்படியென்றால் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லையோ என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். அன்று மாலை பூசணிக்காய் வெட்ட, கணவர் கத்தி கேட்டார். பழக்கத்தில் குனிந்து தரையில் வைக்கப் போனேன். கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த ரம்யா, இரண்டு கால்களையும் மேலே இழுத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தேன். பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன்.

"புடிச்சிட்டேன்" என்றார். அதன் பிறகே விட்டேன்.