பதினாறு குடுக்குது

எங்கள் பக்கத்தில் புது வண்டி வாங்கியவரிடம் யாரும் முதலில் விலை கேட்பதில்லை. "எவ்ளோ குடுக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விரித்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்பதுபோல, வண்டி வந்தால் எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன ஒரு பதில் என்னை ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டது.

நான் செடி விற்பவள். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஒரு சின்ன நர்சரி, வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தையில் கடை. பதினோரு வருடமாகச் செடிகளை வாடகை லோடு ஆட்டோவில்தான் ஏற்றிப் போனேன். ஆட்டோக்காரர் எப்போது வருகிறாரோ அப்போதுதான் எனக்குப் பொழுது விடியும். அவர் வராத வெள்ளிக்கிழமைகளில் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே நின்று நான் போட்ட கத்தலைத் தெருவே கேட்டிருக்கிறது. கடைசியில் இந்த வருடம் தை மாதம் சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கிவிட்டேன். புத்தம் புதுசு, வெள்ளை நிறம். ஓட்டுவதும் நான்தான்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற கார்களின் கூரையெல்லாம் என் கண்ணுக்குக் கீழே தெரியும். தேவையில்லாத இடத்திலும் ஹார்ன் அடித்தேன். சிக்னலில் யாராவது "பொம்பளையா ஓட்டுது?" என்று திரும்பிப் பார்த்தால், நான் பிறந்ததிலிருந்து லாரி ஓட்டுகிறவள்போல முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளே தலைகால் புரியாது. வாங்கிய முதல் வாரம் உப்பு வாங்கக்கூட வண்டியில்தான் போனேன்.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். அளக்காத எதையும் நம்ப மாட்டார். பத்தே நாளில், "டேங்க் டு டேங்க் போட்டுப் பாத்துடலாம்" என்று ஆரம்பித்தார். டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, சில நாள் ஓட்டிவிட்டு, மறுபடியும் கழுத்துவரை நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஷோரூமில் விற்றவர், "பதினேழு கண்டிப்பா வரும் மேடம்" என்று சொல்லியிருந்தார். பெட்ரோல் பங்கில் நின்றபடியே என் கணவர் போனில் வகுத்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. இன்னொரு தடவை வகுத்தார்.

"பத்தரை" என்றார்.

"பதினாறரையா?"

"பத்தரைம்மா. பத்து புள்ளி அஞ்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முதலில் அவரைத் திட்டினேன். பிறகு பங்கில் அளவு சரியில்லை என்றேன். காமராஜபுரம் தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் ரோட்டைத் தோண்டி வைத்திருக்கிறார்களே, வண்டி எப்படிக் கொடுக்கும் என்றேன். செம்மண் மூட்டையின் கனம் என்றேன். மறுநாளே சேலையூரில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். அப்புறம் என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "வண்டி நல்லாதான்க்கா கீது. உன் காலுதான் வெயிட்டா கீது" என்றார்.

பொய்யில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு உறுமல் வரும் பாருங்கள், அதைக் கேட்பதற்காகவே நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சந்தையில் வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். புறா விற்கிறவர், பழைய மிக்ஸி விற்கிறவர், டீக்கடை அக்கா, எல்லோரும் வந்து தட்டிப் பார்த்தார்கள். அந்தக் கேள்வியும் வந்தது. கேட்டவன் என் பக்கத்துக் கடைக்காரன். பழைய கட்டில், பீரோ வாங்கி விற்கிறவன், என் தம்பி வயது. ஒன்பது வருடமாக அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய்தான் சுவர்.

"இன்னாக்கா, எவ்ளோ குடுக்குது?"

பத்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலை போட்ட வண்டி வெயிலில் பளபளவென்று நின்றது. அதை வைத்துக்கொண்டு பத்தரை என்று சொல்ல என் வாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"பதினாறு" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். "ஹைவேல இன்னும் மேல போகுது" என்று சேர்த்துக்கொண்டேன்.

ஆஹா ஓஹோ என்றார்கள். அந்த நிமிடம் இனிக்கத்தான் செய்தது. அதை மறந்தும் போனேன். மூன்று வாரம் கழித்து அவன் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நானும் உன் வண்டியேதான் எடுக்கப் போறேன். லோடு ஆட்டோவ எக்ஸ்சேஞ்சுல குட்துடறேன். வர்ற வெள்ளிக்கெழம ராகு காலம் முடிஞ்சதும் புக்கிங்."

அவனுடைய லோடு ஆட்டோவை எனக்குத் தெரியும். பீரோ ஏற்றினால் மேம்பாலம் ஏறாது. அவன் மனைவி இறங்கிப் பின்னாலேயே நடந்து வருவாள். ஆனாலும் அந்த மூன்று சக்கரம்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. என் பதினாறை நம்பி அதைக் கொடுத்துவிட்டு, பத்தரையில் மாட்டிக்கொண்டால் அவன் என்ன ஆவான்? அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். "சூப்பர்டா" என்றுதான் வாயிலிருந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அவன்கிட்ட சொல்லிடு, வேற என்ன?" என்றார். அவர் சொல்வது சரியாக இருந்ததால் அவர்மேல் இன்னும் எரிச்சல் வந்தது. எனக்கு வேறு யோசனை இருந்தது. பொய்யை எதற்குத் திரும்ப வாங்க வேண்டும்? அதையே உண்மையாக்கிவிட்டால் போயிற்று!

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக இருவரும் கிளம்பினோம். வண்டியில் ஒரு தொட்டி கிடையாது. ஜாக்கி, ஸ்டெப்னி டயர் எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி வைத்தேன். ஏசி கிடையாது. டேங்கைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வண்டலூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தோம். முள் நாற்பத்தைந்தை விட்டு அசையவில்லை. முட்டையை மிதிப்பதுபோல ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின்னால் வந்த லாரிகளெல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போயின. என் கணவர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு மீட்டரையே பார்த்தார். "மெதுவா, மெதுவா, காத்து எதிர்ல அடிக்குது" என்று அவரும் சூடாகிவிட்டார். குன்றத்தூர் பக்கம் இறங்கி ஒரு டீ குடித்தோம். மலைமேல் இருக்கிற முருகனைக் கீழேயிருந்தே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பொய்யை மெய்யாக்கித் தரச் சொல்லி வேண்டிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்து பங்கில் மறுபடி நிரப்பினோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பதிமூணு புள்ளி ரெண்டு" என்றார் என் கணவர். "காலி வண்டி. இதுக்கு மேல வேணும்னா நாம இறங்கித் தள்ளிக்கிட்டுதான் போகணும்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அப்படிச் சேர்ந்து சிரித்ததில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் பதிமூன்று பதிமூன்றாகவே இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அவனுக்குப் போன் போட்டேன். ஒரு தடவை அவன் மனைவியின் உடம்பை விசாரித்தேன். இன்னொரு தடவை ஒரு மர ஸ்டூல் வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை சந்தையில் நேராகச் சொல்லிவிடலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவன் கடை போடவில்லை. பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. பன்னிரண்டு மணி ஆகப் போகிறது. போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. ஒரு அம்மா கையில் பாக்கு மரக்கன்றை வைத்துக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தார். "எடுத்துக்கிட்டுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். பின்னால் இன்னும் இறக்காத குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன.

குரோம்பேட்டை தாண்டித் தாம்பரம் வரைக்கும் நான் மிதித்த மிதியில் அன்றைக்கு அந்த வண்டி எட்டுகூடக் கொடுத்திருக்காது. தொட்டிகள் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பயமும் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் என் வண்டி எதற்காகவோ ஓடுகிறது என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் வண்டி எடுத்த அதே ஷோரூம் வாசலில் கோணலாக நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். அவன் சாவகாசமாக உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். எதிரில் ஃபார்ம், கையில் பேனா.

"டேய், பதினாறு இல்லடா! பத்தரை. பத்தரைதான் குடுக்குது. நான் பொய் சொல்லிட்டேன்."

ஷோரூமே திரும்பிப் பார்த்தது. அவன் நிதானமாக டம்ளரைக் கீழே வைத்தான்.

"அதுக்கா இப்டி மூச்சு வாங்க ஓடியாந்தே? சந்தைல யார் மைலேஜ் சொன்னாலும் அஞ்ச கழிச்சுகினுதான்க்கா எடுத்துக்குவோம். நீ பதினாறுன்னே. நான் பதினொண்ணுன்னு வச்சுகினேன்."

ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியது. இறங்கியதும் வேறொன்று குத்தியது.

"என்கிட்டயும் கழிப்பியா?"

"உங்கிட்ட ஆறு கழிக்கலாமான்னுகூட ரோசன பண்ணேன்" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பேனாவை மூடினான். "இரு இரு. இப்போ பத்தரைன்றியே... அப்போ அஞ்சரையாக்கா?"

"ஐயோ, இல்லடா! இது நெஜம்."

"எல்லாருந்தான்க்கா நெஜம்னு சொல்றாங்க."

ஒன்பது வருடம் பக்கத்தில் நின்று இவனிடம் நான் அளந்தது கொஞ்சமா? செவ்வந்தி நூறு பூ பூக்கும் என்றேன். மாங்கன்று அடுத்த வருடமே காய்க்கும் என்றேன். இன்றைக்கு என்னிடம் ஒரே ஒரு உண்மையான எண் இருந்தது, அதை வாங்க ஆளில்லை. அவமானத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடுவில் ஷோரூம்காரர், "சார், கம்பெனி டெஸ்ட்ல பதினேழு..." என்று ஆரம்பித்தார். "நீ சும்மா இரு சார்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். என் வண்டி கோணலாக நின்றது. குரோட்டன்ஸ் எல்லாம் கவிழ்ந்து மண் கொட்டிக் கிடந்தது.

"அக்கா, இன்னிக்கு வெள்ளிக்கெழம. கடைய யாரு பாத்துக்கினு கீறாங்க?"

"யாரும் இல்ல."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு விரல் விட்டு எதையோ எண்ணினான்.

"பதினொண்ணுன்னு வச்சேன். பத்தரை. அரைதானே கொறையுது, தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டான்.

அவன் எதையும் கழிக்கவில்லை.