கரண்ட் போனால் திறக்கும் ஸ்டூடியோ

இளம்பரிதி என்ன வேலை பார்க்கிறான் என்பதை அவனுடைய அக்கா கோமளவல்லி யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. "மெட்ராஸ்ல ஓட்டல்ல இருந்தான், இப்போ வீட்டோட கீறான்" என்பாள். கேட்பவர்கள் அவனைச் சமையல்காரன் என்று முடிவு கட்டிக்கொண்டு, காதுகுத்துக்குப் பிரியாணி போட வருவானா என்று விசாரிப்பார்கள்.

ஓட்டலில் இருந்தது உண்மை. ஆனால் அடுப்படியில் அல்ல, அடித்தளத்தில். கார்கள் நிற்கும் இடத்தை ஒட்டியிருந்த கிளப்பில் பத்து வருடத்துக்கு மேல் டிஜே. 'இளம்பரிதி' வாயில் நுழையாத மேனேஜர் ஒருவர் அவனுக்கு 'டிஜே இலான்' என்று பெயர் வைத்தார். அந்தத் தொழிலுக்கு ஒரே விதிதான்: ஆடுகிறவன் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் வீட்டு ஞாபகம் வரும், வீட்டு ஞாபகம் வந்தவன் பில் கேட்பான். அதனால் இளம்பரிதி யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை, கால்களைத்தான் பார்ப்பான். எந்தக் குதிகால் சலித்துத் தரையில் அழுந்துகிறது, எந்த அடிக்கு அது மறுபடி எழும்பும் என்பதெல்லாம் இருட்டிலும் அவனுக்குத் தெரியும்.

இடையிடையே, தானே கணினியில் செய்த இசையையும் நைசாக நுழைப்பான். நுழைத்ததும், வேண்டிய பாட்டை எழுதிய பேப்பர் நாப்கின்கள் மேசைகளிலிருந்து வரும். எல்லா நாப்கினிலும் அதே குத்துப் பாட்டு. ஒரு நாள், பிறந்தநாள் தொப்பி வைத்த பெண் ஒருத்தி அருகில் வந்து, "அண்ணா, ப்ளீஸ், இத நிறுத்திட்டு ஏதாவது பாட்டு போடுங்களேன்" என்றாள். மரியாதையாகக் கேட்டாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டுத் திருத்தணிக்கு ரயிலேறினான். அடுத்தவன் பாட்டை ஓடவிட்டது போதும். இனி அவன் மியூசிக் புரொட்யூசர். தன் பெயரோடு ஒரே ஒரு பாட்டாவது இந்த ஊர் வாயில் புரள வேண்டும்.

அக்கா வீட்டுக்காரர் கஜபதி விசைத்தறி ஓட்டுகிறவர். நூல் மூட்டை போடும் அறையை மச்சானுக்கு ஒழித்துக் கொடுத்தார். இளம்பரிதி நான்கு சுவரிலும் பழைய மெத்தைகளை வைத்து அடித்தான். பக்கத்துக் கொட்டகையின் தறிச் சத்தம் அந்த மெத்தைகளில் கொஞ்ச நேரம் படுத்து எழுந்து, தெம்பாக உள்ளே வந்தது.

"பாவா, ஒரு மணி நேரம் தறிய நிறுத்துங்களேன்."

"நிறுத்தறேன்டா. அந்த நேரத்துக்கு உண்டான லுங்கிய நீயும் உன் பொட்டியும் நெய்ஞ்சி குடுங்க."

இசைக்கு அமைதி வேண்டும். அமைதி வர வேண்டுமென்றால் தறி நிற்க வேண்டும். தறி நிற்க வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். கரண்ட் போனால் கணினியும் போய்விடும். யோசித்து யோசித்து ஒரு இன்வெர்ட்டர் வாங்கினான். அன்றிலிருந்து ஊரே கரண்ட் போனால் அலுத்துக்கொள்ள, இளம்பரிதி மட்டும் கை தட்டிக்கொண்டு எழுந்தான். அவனுக்குக் கிடைத்த பாடகியும் அந்தக் கணக்குக்குப் பொருத்தமானவள். பின் தெருவில் பிளவுஸ் தைக்கும் அம்சா. அவளுடையது மோட்டார் மிஷின். கரண்ட் போனால் தையல் நிற்கும், தொண்டை திறக்கும்.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு காவடிப் பாட்டு என்று முடிவானது. இந்தத் தொழிலில் பாட்டின் தலையில், செய்தவர் பெயரை ஒரு குரல் சொல்லும். அந்தச் சில நொடிக்காகத்தான் இளம்பரிதி கிளப்பையே விட்டு வந்திருந்தான்.

"பேர எப்டிண்ணா சொல்றது? பாசமாவா, மெரட்றாப்பலயா?"

"கம்பீரமா சொல்லு. 'இசை... இளம்பரிதி!'"

"கம்பீரம் காட்டனா சரணத்துக்கு மூச்சு பத்தாதுண்ணா. கல்யாணப் பிளவுஸு வேற சாயங்காலம் குடுக்கணும், சீக்கிரம்."

பெயரைச் சொன்னாள், பாடினாள், கடைசி சரணம் வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. அங்கே கரண்ட் வந்துவிட்டது. மற்ற தறிகளுக்கு முன்னால் மூன்றாம் தறி முழித்துக்கொண்டு, தடக்... தடக் என்று பாட்டுக்குள் புகுந்தது. "இன்னொரு தடவை" என்று அவன் திரும்புவதற்குள் அம்சா தன் மிஷினுக்கு ஓடியிருந்தாள். வேறு வழியில்லாமல், சட்டைக் கறையைத் துண்டு போட்டு மறைப்பதுபோல், அந்தச் சத்தத்தின் மேல் கனமான பேஸ் ஒலியைப் போட்டு மூடி வெளியிட்டான்.

பாட்டு கைபேசிக்குக் கைபேசி பறந்தது. ஒரு வாரம் கழித்து கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடைப் பெட்டியில் அது ஒலித்தபோது அவன் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றான். ஆனால் அம்சாவின் குரல் வர வேண்டிய இடத்தில் ஒரு கரகரத்த தொண்டை, "முனியன் சவுண்ட்ஸ்!" என்று கத்தியது.

முனியன் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். இளம்பரிதி அன்றே தேடிப் போய்ச் சண்டை போட்டான். முனியன் கோபப்படவே இல்லை.

"பாட்டு யாருதா இருந்தா இன்னா நைனா, பாக்ஸு என்னுது. நீ யாரு?"

"அந்தப் பாட்ட செஞ்சவன்."

"ஆங், நல்லாத்தான் செஞ்சிகீற" என்று தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஆடிக் கிருத்திகை அன்று காலையில் அதே முனியனிடமிருந்து போன் வந்தது. மணவூர்க் காவடிக் கூட்டத்தோடு ஸ்பீக்கர் வண்டி வந்துகொண்டிருக்கிறது, ஆபரேட்டர் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டான், பாட்டிருந்த கைபேசியும் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இளம்பரிதி தன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒரே நிபந்தனை: ஓடுவது அவனுடைய பாட்டு, அவனுடைய பெயரோடு.

"உன் பேரு, உங்க நைனா பேரு, எத வோணா போட்டுக்கோ. கும்பல் மட்டும் நிக்கக் கூடாது" என்றார் முனியன்.

டெம்போவின் பின்தட்டில் ஏறி, கூட்டம் சரவணப் பொய்கைப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்துப் பாட்டை விட்டான். முழு ஊரும் கேட்க அம்சா சொன்னாள்: "இசை... இளம்பரிதி!"

ஒரு கால்கூட எழும்பவில்லை. பூக்காவடிகள் அப்படியே நின்றன. கூட்டத்துக்குத் தலைவர் பஞ்சாட்சரம், மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை நோக்கி வந்தார்.

"யோவ், யாருய்யா அவன் இளம்பரிதி? முனியன் சவுண்ட்ஸுன்னு ஒரு கொரல் வரும், அதுலதான் எங்க புள்ளைங்க கால தூக்கும். வெரதம் புடிச்ச நாள்லேந்து அதுலதான் பழகிகினு கீதுங்க. ஒரிஜினல போடுய்யா!"

"இதுதாங்க ஒரிஜினல். நான் செஞ்ச பாட்டுங்க."

"செஞ்சா செஞ்சிக்க. ஒரிஜினல போடு."

பின்னால் அடுத்த ஊர்க் கூட்டம் நெருக்கியது. போலீஸ்காரர் விசிலை ஊதினார். இளம்பரிதி பழக்கதோஷத்தில் கீழே பார்த்தான். காவடிகளைச் சுமந்த வெறும் கால்கள், வரிசை வரிசையாக, கொதிக்கும் தார் ரோட்டில் குதிகால் அழுந்தி நின்றன. இன்னும் கொஞ்சம் விட்டால் உட்கார்ந்துவிடும்.

பாட்டை முதலுக்கு இழுத்தான். அம்சாவின் குரல் வரும் இடத்தில் ஒலியைச் சுத்தமாகக் குறைத்தான். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, தொண்டையைக் கரகரப்பாக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "முனியன் சவுண்ட்ஸ்!"

கால்கள் ஒன்றாக எழும்பின. "அரோகரா!" தெருவை அடைத்தது. முனியனே சொல்லியிருந்தாலும் அப்படிப் பொருந்தியிருக்காது.

கடைசி சரணத்தில் மோர்ப்பந்தலிலிருந்து கஜபதி கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

"டேய் பரிதி, இது நம்ம மூணாம் தறிடா! இழுத்து இழுத்து அடிக்குதே, எனக்குத் தெரியாதா?" வழியில் போனவர்களையெல்லாம் நிறுத்தி, "எங்க தறிங்க அது, கேளுங்க" என்றார். பிறகு மச்சானிடம் திரும்பி, "கஜபதி விசைத்தறின்னு மைக்ல ஒரு தபா சொல்லுடா" என்றார்.

சொன்னான். அதற்கும் கால்கள் எழும்பின. பந்தலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அம்சா, "அண்ணா, என் கடை!" என்று கை ஆட்டினாள். "அம்சா டைலர்ஸ்!" அதற்கும் எழும்பின. அடுத்த சுற்றில் ஒரு அடி காலியாக வந்தது. ஒரு பெயர் தாராளமாக உட்காரும். மைக் வாயில்தான் இருந்தது. "இ..." என்று ஆரம்பித்தான். அதற்குள் பஞ்சாட்சரம் இரண்டு கையையும் தூக்கி, "எங்க ஊரு! எங்க ஊர சொல்லு!" என்றார். கால்கள் காத்திருந்தன.

"மணவூர்!" என்றான் இளம்பரிதி. அன்றைக்கு அதற்குத்தான் சத்தம் அதிகம்.

இப்போது கோமளவல்லிக்கு அந்தக் குழப்பம் இல்லை. "எங்க தம்பி பாட்டுல பேர் போடறவன்" என்கிறாள். சவுண்ட் சர்வீஸ்காரர்கள், மெஸ்காரர்கள், பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறவர்கள், பூப்புனித நீராட்டு விழாக்காரர்கள் என்று வருகிறார்கள். துண்டுச் சீட்டு, பத்திரிகையின் பின்பக்கம், சமயத்தில் பேப்பர் நாப்கின் எதிலாவது பெயரை எழுதி நீட்டுகிறார்கள். மூன்றாம் தறிக்கு எண்ணெய் போடக்கூட கஜபதி யாரையும் விடுவதில்லை. சத்தம் மாறிவிடுமாம்.

கரண்ட் போகிறது. தறிகள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. அம்சா இஞ்சி டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே உள்ளே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு மைக் முன்னால் நிற்கிறாள்.

"சொல்லுண்ணா, இன்னிக்கு யாரு பேரு?"